குடமும் அச்சும்: கொங்கு நாட்டுச் சிறு வண்டிகளின் பந்தய வரலாறு

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில், நகரத்துக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில் அமைந்துள்ள பெரியநாயக்கன்பாளையம், நூற்பு இயந்திரத் தொழிற்சாலையாலும் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தாலும் இன்று அறியப்படும் ஊராகும். கோயம்புத்தூரிலிருந்து நீலகிரிக்கு ஏறுவோர் கடந்து செல்லும் இந்தச் சாலையின் வரலாற்றை ஆலைகளின் வருகையிலிருந்து எழுதத் தொடங்கினால், 1873-ல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை வருவதற்கு முன்பு மலைக்குத் தானியத்தையும் மலையிலிருந்து காப்பியையும் தேயிலையையும் சுமந்த மாட்டு வண்டிகளும், அவற்றின் சக்கரங்களைச் செய்த தச்சர்களும், அச்சுகளை அடித்த கொல்லர்களும் அந்த வரலாற்றுக்கு வெளியே நின்றுவிடுவார்கள். சக்கரத்தின் நடுவிலுள்ள குடமும் அதன் வழியே செல்லும் அச்சும் ஒன்றோடொன்று உரசும் சில அங்குல இடத்தில் எவ்வளவு விசை வீணாகிறது, அதை எவ்வாறு குறைப்பது என்ற கேள்வி, பாரவண்டிக்காரனுக்கு மாட்டின் களைப்பைப் பற்றிய கேள்வியாகவும், பந்தய வண்டி கட்டியவனுக்கு வெற்றியைப் பற்றிய கேள்வியாகவும் இருந்தது. கொங்கு நாட்டில் இந்தக் கேள்வியைக் கையாண்டவர்கள் தச்சர், கொல்லர், ஆலைப் பணியாளர், கார் கட்டுவோர் என மாறிக்கொண்டே வந்தாலும் கேள்வி ஒன்றாகவே இருந்தது. பந்தயத்தின் விதிகள் எதைக் கட்டுப்படுத்தின, எதைக் கைத்திறனுக்கு விட்டன என்பதுதான் காலத்துக்குக் காலம் வேறுபட்டது.

மரத்தால் செய்த சிறு வண்டி தமிழ் நிலத்தில் மிகப் பழமையானது. குறுந்தொகையின் 61-ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து கொடுத்த சிறு குதிரை பூட்டிய வண்டியை ஏறிச் செலுத்த முடியாவிட்டாலும் கையால் இழுத்து மகிழும் சிறுவர்களை உவமையாகக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையிலும் பட்டினப்பாலையிலும் சிறுதேர் உருட்டும் பிள்ளைகள் வருகிறார்கள். பட்டினப்பாலையின் சிறுதேர் மூன்று சக்கரம் கொண்டது என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் தெளிவாகவே சொல்லியிருப்பதால், இன்றும் நடை பழகும் குழந்தைக்கு வாங்கித் தரப்படும் மூன்று சக்கர நடைவண்டியின் வடிவம் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாகத் தச்சர்களின் கையில் இருந்துவந்துள்ளது என்று கருத இடமுண்டு. பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை உருப்பெற்றபோது, ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவமாகச் சிறுதேர்ப் பருவம் வைக்கப்பட்டது. குழந்தை சிறு தேரை உருட்டுவதைப் பாடுவதோடு நூல் முடியும்.

பெரிய வண்டியின் அச்சைப் பற்றியும் சங்கப் பாடல்கள் தொழில் அறிந்தவர் குரலில் பேசுகின்றன. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர்களான உமணர் மேடுபள்ளம் நிறைந்த வழியில் நெடுந்தொலைவு செல்லும்போது வண்டியின் அடியில் உபரியாகக் கட்டி வைத்த சேம அச்சை அவனுக்கு ஒப்பாகச் சொன்னது புறநானூற்றின் 102-ஆம் பாடலில் உள்ளது. இன்றைய லாரியில் மாற்றுச் சக்கரம் இருப்பதைப் போல அன்று மாற்று அச்சு இருந்ததென்றால், சக்கரத்தைவிட அச்சே முதலில் முறியும் உறுப்பாக இருந்தது என்பதும், அது மரத்தாலானதாக இருந்திருக்கும் என்பதும் புலப்படும். அதியமானின் தகடூர் கொங்கின் வடகிழக்கு விளிம்பில் உள்ளது. நொய்யலாற்றின் வடகரையில் ஈரோடு மாவட்டத்தில் அமைந்த கொடுமணலிலோ, 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும் மணிகள் செய்த தொழிற்கூடங்களின் சான்றுகளும் வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழியில் இருந்த இவ்வூரில் நல்ல மரமும் நல்ல இரும்பும் ஒருங்கே கிடைத்திருக்கக்கூடும். வண்டிச் சக்கரத்துக்கு வேண்டியவை இந்த இரண்டும்தான்.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கொங்குச் சிற்றூர்களில் வழக்கில் இருந்த சக்கரம் பல உறுப்புகள் கூடிய ஒரு பொறி ஆகும். நடுவில் இருப்பது குடம். வேலமரம் போன்ற கடினமான மரத்தின் நன்கு காய்ந்த துண்டைக் கடைந்து உருட்டி, வெடிக்காமல் இருக்க இருபுறமும் இரும்புப் பூண் இறுக்கி, நடுவே துளையிட்டு அந்தத் துளைக்குள் இரும்புக் குழல் ஒன்றை அடித்து இறக்குவார்கள். குடத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் கட்டைகள் ஆரக்கால்கள். வெளி வட்டமாக வளைந்த துண்டுகள் வட்டைகள். பெரும்பாலும் 12 ஆரக்கால்களும் 6 வட்டைகளுமாகச் சக்கரம் அமையும். ஒவ்வொரு வட்டையும் இரண்டு ஆரக்கால்களைப் பிடித்துக்கொள்ளும். மரத்தை வளைத்து வட்டை செய்வதில்லை. வளைவாக வளர்ந்த கிளையைத் தேர்ந்தெடுத்து வாய்ச்சியால் செதுக்கி எடுப்பதால், மரத்தின் நாரோட்டம் வட்டையின் வளைவோடு சேர்ந்து ஓடி அதற்கு வலுவூட்டியது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சைக் கொங்கு வட்டாரத்தில் இருசு என்றும் சொல்வர். அச்சின் முனையில் சக்கரம் கழன்று ஓடாமல் தடுக்கச் செருகப்படும் ஆணி கடையாணி.

வட்டைகளைச் சுற்றி இரும்புப் பட்டை ஏற்றும் வேலையில் தச்சரும் கொல்லரும் ஒன்றாக நின்றார்கள். கொல்லர், சக்கரத்தின் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைவான சுற்றளவில் பட்டையை வளையமாகப் பற்றவைப்பார். வரட்டிகளை வட்டமாக அடுக்கி நெருப்பு மூட்டி, வளையம் முழுவதும் ஒரே சீராகச் சிவக்கும் வரை காய்ச்சுவார்கள். ஐந்தடி விட்டமுள்ள சக்கரத்தின் பட்டை அந்தச் சூட்டில் சுற்றளவில் சுமார் ஒன்றரை அங்குலம் விரிந்துகொடுக்கும். நாலைந்து பேர் குறடுகளால் அதைத் தூக்கிவந்து தரையில் படுக்கவைத்த சக்கரத்தின்மேல் இறக்கி, மரம் தீப்பற்றுவதற்குள் சம்மட்டியால் தட்டி உட்காரவைத்துத் தண்ணீரை ஊற்றினால், இரும்பு சுருங்கும் விசையில் ஆரக்கால்களும் வட்டைகளும் குடத்தை நோக்கி ஒரே கணத்தில் நெரிந்து இறுகும்; மூட்டுகள் கிறீச்சிடும் ஒலி பட்டறைக்கு வெளியிலும் கேட்கும். பசையோ ஆணியோ இல்லாமல் ஏறத்தாழ 20 மரத்துண்டுகளைப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்தது இந்த ஒரு சுருக்கம்தான். அளவு கூடினால் பட்டை தளரும், குறைந்தால் ஆரக்கால் வளைந்துவிடும் என்பதால், நூல் பிடித்து அளக்கும் கொல்லரின் கையை நம்பியே ஊரின் போக்குவரத்து முழுவதும் நடந்தது என்று சொல்வது மிகையாகாது.

சக்கரம் பெரியதாகவும் அச்சு மெல்லியதாகவும் இருப்பது நல்லது என்பதைத் தச்சர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அதன் காரணம் எளிய எந்திரவியலில் அடங்கும். குடத்துக்குள் அச்சின்மேல் எழும் உராய்வு, அச்சின் ஆரத்தை நெம்புகோலாகக் கொண்டு சக்கரத்தைத் தடுக்கிறது. மாடு இழுக்கும் விசையோ சக்கரத்தின் முழு ஆரத்தையும் நெம்புகோலாகக் கொண்டு அதைச் சுழற்றுகிறது. எனவே 60 அங்குல விட்டமுள்ள சக்கரத்துக்கு ஒன்றரை அங்குல அச்சு இருந்தால், அச்சில் எழும் உராய்வில் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே மாட்டின் கழுத்துக்கு எட்டும். எஞ்சிய அந்தப் பங்கையும் குறைக்க வண்டி மை பயன்பட்டது: வைக்கோலைக் கருக்கிய கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார்கள், நெடும் பயணத்தில் வண்டியை முட்டுக்கொடுத்து, கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைப் பாதி வெளியே இழுத்து அச்சில் மையைத் தடவி மீண்டும் தள்ளுவார்கள். விளக்கெண்ணெய் சூட்டிலும் எளிதில் நீர்த்து ஓடாத கெட்டியான எண்ணெய். கரித்தூள் அதை மேலும் கெட்டிப்படுத்தி, தேய்ந்து அகன்ற இடைவெளியை நிரப்பிக்கொடுத்தது.

இதற்கு நேர்மாறான தேவை உள்ள வண்டி கோயில் தேர். மாசி மகத்தில் ஓடும் காரமடை அரங்கநாதர் தேரும், சித்திரையில் ஓடும் அவிநாசித் தேரும் வேகத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. அவற்றை நகர்த்துவதைக் காட்டிலும் நிறுத்துவதே கடினம் என்பதால், முட்டுக்கட்டை போடுவது பரம்பரைத் திறமையாகப் போற்றப்படுகிறது. தேர்ச் சக்கரமும் அச்சும் பெருந்தொழிற்சாலையைச் சென்றடைந்தது 1970-ல் திருவாரூர் ஆழித்தேர் மீண்டும் ஓடியபோதுதான். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் நீர்ம அழுத்தத் தடையும் செய்து கொடுத்தது.

பாரவண்டிக்கும் மொட்டை வண்டிக்கும் அடுத்து, ஓரிருவர் விரைந்து பயணம் செய்யக் கட்டப்பட்ட எடை குறைந்த வண்டியே ரேக்ளா. கூண்டோ பக்கப் பலகையோ இல்லாமல், சிறிய சட்டமும் ஓட்டுபவருக்கு மட்டும் இடமும் கொண்ட இந்த வண்டி, பொங்கலை ஒட்டியும் கோயில் நோன்பிகளை ஒட்டியும் பந்தயத்தில் இறங்கியது. கொங்கு நாட்டின் ரேக்ளா மற்ற வட்டாரங்களின் மாட்டு வண்டிப் பந்தயத்திலிருந்து முறையால் வேறுபட்டது என்பது கவனிக்கத்தக்கது. தென்மாவட்டங்களில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்பட்டு நெடுஞ்சாலையில் பல மைல் ஓடித் திரும்பும். அங்கே பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என்று காளைகளின் உருவத்தைக் கொண்டு பிரிவுகள் வகுக்கப்படும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், கோயம்புத்தூர் வட்டாரங்களிலோ வண்டிகள் ஒவ்வொன்றாக, நேரான ஓடுதளத்தில் 200 மீட்டர் அல்லது 300 மீட்டர் தொலைவைக் கடிகாரத்தை எதிர்த்து ஓடுகின்றன. காளையின் பற்களைப் பார்த்து வயதைக் கணித்து எந்தப் பிரிவில் ஓடலாம் என்று முடிவு செய்கிறார்கள். முன்னால் ஓடும் வண்டியை முட்டி முந்த வேண்டிய தேவை இல்லாததால், மாட்டின் பாய்ச்சலும் ஓட்டுபவரின் கைப்பிடியும் வண்டியின் இலகுவும் தனித்தனியே எடைபோடப்படும் பந்தயமாக இது அமைந்தது. இந்த முறையே மேலானது என்பதில் ஐயமில்லை. வினாடியின் சிறு பின்னத்தில் வெற்றி தீர்மானிக்கப்படும் இடத்தில்தான் அச்சின் நேர்மையும் குடத்தின் தேய்மானமும் கண்ணுக்குத் தெரியவரும்.

இந்த விதிகள் அனைத்தும் காளையைக் குறித்தவை. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தம் மந்தைகளில் தேர்ந்தெடுத்து வளர்த்துச் செம்மைப்படுத்திய காங்கேயம் இனமும், கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து அந்த இனம் பெற்ற உறுதியும், கண்ணபுரம், அந்தியூர் மாட்டுச் சந்தைகளில் அதற்குக் கிடைத்த விலையும் கொங்கு உழவரின் பெருமிதத்துக்குரிய செய்திகளாக இருந்ததால், பந்தயத்தின் மதிப்பும் காளையின்மேலேயே குவிந்தது. சக்கரத்தின் விட்டம், அச்சின் கனம், மையின் வகை ஆகியவை ஆசாரிக்கும் வண்டிக்காரருக்கும் இடைப்பட்ட விஷயங்களாகவே நீடித்தன. இரும்பு அச்சும் பேரிங்கும் வந்தபோது ரேக்ளா வண்டிகளிலும் அவை ஏறியதற்கு, விதிகள் சக்கரத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டதே காரணம்.

வண்டிச் சக்கரத்துக்கு அரசு விதித்த கட்டுப்பாடு வேறு திசையிலிருந்து வந்தது. குறுகிய இரும்புப் பட்டை சரளைச் சாலையைக் கத்திபோல் கிழித்துப் பள்ளமாக்கியதால், 1934-ல் தொடங்கிய இந்தியச் சாலைகள் பேரவையில் கூடிய பொறியாளர்கள் பட்டையின் அகலத்தைப் பற்றித் தொடர்ந்து விவாதித்தார்கள். காற்றடைத்த டயர் பூட்டிய வண்டி இதற்கு விடையாக முன்வைக்கப்பட்டது. டயர் வண்டி என்று ஊர்மக்கள் அழைத்த அதில் சக்கரம் சிறுத்து, அச்சில் பேரிங் ஏறியது. ஆயினும் விலையும் பஞ்சர் ஒட்டும் தொல்லையும் அதன் பரவலை மெதுவாக்கின. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநரான என்.எஸ். ராமசாமி 1970-களின் இறுதியில் மாட்டு வண்டியை நவீனப்படுத்தும் ஆய்வை முன்னெடுத்தபோதும் நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன; நுகத்தடியாலும் உராய்வாலும் மாடு படும் துன்பத்தைக் குறைப்பதே தம் நோக்கம் என்று அவர் பல்லாண்டுகள் வாதாடினார்.

ரேக்ளாவின் நவீன காலச் சட்ட வரலாறு துன்பம் என்ற இதே சொல்லைச் சுற்றி அமைந்தது. 2006-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளாப் பந்தயம் நடத்த அனுமதி கோரி வந்த மனுவே ஜல்லிக்கட்டு வழக்குகள் அனைத்துக்கும் தொடக்கமாயிற்று என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017-ல் மெரினாவில் எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது.

விலங்கே இல்லாத சிறு வண்டிப் பந்தயத்தில் விதி எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கா தெளிவான எடுத்துக்காட்டு. ஓகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 1933-ல் மைரன் ஸ்காட் என்ற செய்திப் புகைப்படக்காரர், சிறுவர்கள் பெட்டிப் பலகையால் வண்டி கட்டிச் சரிவில் உருண்டு போட்டியிடுவதைக் கண்டு அதை ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயமாக்கினார். அதில் ஓட்டுவதற்குத் தம் மகனுக்கு வயது போதாததால், சாரணர் இயக்கத்தின் இளம்பிரிவான குருளையர் குழுவொன்றின் தலைவராக இருந்த டான் மர்ஃபி, கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் 1953-ல் உள்ளங்கையில் அடங்கும் மரக் கார்களுக்குப் பந்தயம் நடத்தினார். பைன் மரக்கட்டை ஒன்று, பிளாஸ்டிக் சக்கரங்கள் நான்கு, அச்சாக நான்கு ஆணிகள் ஆகியவை எல்லாருக்கும் ஒன்றுபோல் வழங்கப்படும். 7 அங்குல நீளத்தையும் 5 அவுன்ஸ் எடையையும், அதாவது சுமார் 142 கிராமையும், கார் தாண்டக் கூடாது. சரிவான தடத்தில் புவியீர்ப்பு மட்டுமே அதை இழுக்கும்.

இழுக்கும் விசை எல்லாருக்கும் சமமாகிவிட்டதால், இங்கே பந்தயம் முழுவதும் சக்கரத்துக்கும் அச்சுக்கும் இடையே ஒடுங்கிவிடுகிறது. சக்கரம் சுமார் 30 மில்லிமீட்டர் விட்டமும் ஆணி சுமார் 2.2 மில்லிமீட்டர் கனமும் கொண்டவை என்பதால், உராய்வில் பதின்மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானது விளிம்புக்கு வந்துசேர்கிறது. மாட்டு வண்டியின் நாற்பதில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் இது மூன்று மடங்கு. சக்கரத்தைப் பெரிதாக்கியோ ஆணியை மெல்லியதாக்கியோ இதைச் சரிசெய்துவிடலாம் என்பதாலேயே, பெரும்பாலான குழுக்களின் விதிகள் சக்கரத்தைக் கடைந்து மெலிய வைப்பதையும் பேரிங், புஷ், வாஷர், ஸ்பிரிங் பொருத்துவதையும் தடுக்கின்றன. சிறுவனுக்கு எஞ்சுவது பொறுமையான கைவேலை: ஆணியின் கொண்டைக்கு அடியில் தயாரிப்பு விட்டுச் சென்ற பிசிறை அரத்தால் எடுப்பது, நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது, நான்கு ஆணிகளும் கட்டைக்குச் செங்குத்தாகப் புகுந்து கார் ஒரு பக்கம் இழுக்காமல் நேராக ஓடும்படி பார்ப்பது, குடத்துக்குள் கிராஃபைட் தூளைத் தூவுவது. கிராஃபைட் தாள் தாளாக வழுக்கிச் செல்லும் கரிப்பொருள். எண்ணெய் தூசியைப் பிடித்துத் தடத்தைக் கறைப்படுத்தும் என்பதால் பல இடங்களில் உலர்ந்த மசகு மட்டுமே அனுமதி. முன்சக்கரம் ஒன்றைத் தரையில் படாமல் சற்று உயர்த்திப் பொருத்தினால் சுழற்ற வேண்டிய சக்கரம் ஒன்று குறையும் என்ற உத்தியைச் சில குழுக்கள் ஏற்கின்றன, சில தடுக்கின்றன. ரேக்ளாவில் காளையை வகைப்படுத்திச் சக்கரத்தைத் திறந்துவிட்ட விதி, இங்கே முற்றிலும் தலைகீழாக, சக்கரத்தையே பூட்டிவைத்தது. இழுப்பவர் யார் என்பதைப் பொறுத்து விதி தன் இடத்தை மாற்றிக்கொள்கிறது என்பதை இந்த இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

பெரியநாயக்கன்பாளையத்தில் சக்கரத் தொழில் ஆலைத் தொழிலாக மாறியது இருபதாம் நூற்றாண்டில். தி.சு. அவிநாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பின்னர் இவ்வூரில் நிலைகொண்டது. 1934-ல் தமிழகச் சுற்றுப்பயணத்தின்போது காந்தியடிகள் இங்கே அடிக்கல் நாட்டினார். கைத்தொழிலின் வழியே கல்வி என்ற ஆதாரக் கல்விக் கொள்கையை உளமார ஏற்றிருந்த அவிநாசிலிங்கம், விடுதலைக்கு முன்னும் பின்னும் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்தவர். வித்யாலய வளாகத்தில் பின்னாளில் தொழிற்கல்விக்கும் ஊரகக் கல்விக்கும் நிறுவனங்கள் எழுந்தன. பைக்காரா நீர்மின்சாரம் 1930-களில் கோயம்புத்தூர்ச் சமவெளிக்கு வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய இயந்திரங்களை இங்கேயே செய்வதற்காக, ஜி.கே. தேவராஜுலு 1962-ல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒத்துழைப்புச் செய்துகொண்டு லட்சுமி மெஷின் ஒர்க்ஸை நிறுவினார். நூற்பு இயந்திரத்தின் உயிர்நாடி ஸ்பிண்டில் எனப்படும் கதிர். அதுவும் ஓர் அச்சுதான். வண்டியின் அச்சு அசையாமல் நிற்க அதன்மேல் சக்கரம் மெல்லச் சுழலும். கதிரோ தானே நிமிடத்துக்கு 15,000 முதல் 20,000 தடவை சுழலும். ஒரு கதிர் மயிரிழை கோணினாலும் நூல் அறும் என்பதால், அளவின் துல்லியம் என்பது இவ்வூர்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரின் அன்றாடப் பழக்கமாயிற்று. கொல்லரின் நூலும் தொழிற்சாலையின் மைக்ரோமீட்டரும் நேரடி வாரிசு உறவு கொண்டவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் வட்டம் வட்டமாகவும் அச்சு நேராகவும் இருந்தே ஆகவேண்டும் என்ற கண்டிப்பு ஒரே சாலையோரத்தில் இரண்டு காலங்களில் வேலை செய்தது.

பட்டறைகள் பெருகிய கோயம்புத்தூரில் சிறுவர்களின் வண்டியும் மாறியது. நுங்கு சீவிய பனங்காய்க் கூந்தல் இரண்டைக் குச்சியால் கோத்து, கவைக் கோலால் தள்ளி ஓடிய நுங்கு வண்டிக்குப் பக்கத்தில், பேரிங் வண்டி என்னும் புதிய வண்டி தோன்றியது. அகலமான பலகை ஒன்றின் அடியில் முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்து, கட்டைகளின் முனைகளை உருண்டையாகச் செதுக்கி, லாரிப் பட்டறைகளில் கழித்துப் போட்ட பேரிங்குகளை அவற்றின்மேல் அடித்து இறக்குவார்கள். பேரிங்கின் உள்வளையம் மரத்தைக் கவ்விக்கொள்ள, வெளிவளையமே சக்கரமாக உருளும். முன்கட்டையை ஒற்றை போல்ட்டில் திருகி, இரு முனைகளிலும் கயிறு கட்டினால் அதுவே ஸ்டீயரிங். ஒருவன் அமர, மற்றொருவன் முதுகில் கைவைத்துத் தள்ள, சிமென்ட் சாலையில் இந்த வண்டி எழுப்பிய கரகரப்பு தெருமுனை வரை கேட்டது. இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ உள்ள சக்கரத்துக்கு உராய்வுத் தடை மிகும் என்ற குறையைக் குண்டுகள் உருண்டு ஈடுகட்டின. அமெரிக்கச் சிறுவனுக்கு விதி மறுத்த பேரிங், இங்கே பழைய இரும்பின் விலைக்கோ இலவசமாகவோ கிடைத்தது. இந்த வண்டியைப் பற்றி எந்த ஆவணமும் எழுதப்படாமல் போனது பெரும் இழப்பு. கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றை எழுதுவோர் பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் கொடுக்கும் இடத்தில் ஒரு பத்தியாவது இதற்கும் கொடுக்க வேண்டும். எந்திரவியலின் முதல் பாடத்தை எத்தனையோ பேர் இதில்தான் கற்றார்கள்.

மோட்டார் பந்தயம் கோயம்புத்தூரில் வேரூன்றியது லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதனால். சென்னைக்கு வடக்கே சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓடிய பந்தயங்களில் வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த கார்களே வெல்ல முடிந்த நிலையில், ஓட்டுநரின் திறமை வெளிப்பட வேண்டுமானால் எல்லாருக்கும் ஒரே எஞ்சின் வேண்டும் என்று அவர் கருதினார். 1980-களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஃபார்முலா மாருதி என்று அறியப்பட்டது. வண்டியின் விலையும் பராமரிப்பும் இந்திய இளைஞர்களுக்கு எட்டும் அளவில் இருந்ததால், பந்தயத்துக்குப் புதியவர்கள் பலர் வந்தார்கள். அவர் 1995-ல் விமான விபத்தில் மறைந்த பிறகு, செட்டிபாளையத்தில் அமைந்த பந்தயத் தடம் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரைத் தாங்கியது. 2005-ல் ஜோர்டான் அணியில் இடம்பெற்று ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் கோயம்புத்தூர்க்காரர். எஞ்சினைச் சமப்படுத்திவிட்டு மற்றதைக் கைத்திறனுக்கு விடும் கரிவரதனின் விதி, காளையைப் பல் பார்த்துப் பிரித்த ரேக்ளா விதிக்கு மிக நெருங்கியது. இரண்டிலும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது இழுக்கும் ஆற்றல்.

செட்டிபாளையத்துத் தடத்தில் அண்மை ஆண்டுகளில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, நாட்டின் பல பகுதிகளிலிருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய சிறு பந்தயக் கார்களோடு வருகிறார்கள். தடத்தில் இறங்குமுன் ஒவ்வொரு காரும் தொழில்நுட்பச் சோதனையைக் கடந்தாக வேண்டும். விதி நூலைக் கையில் வைத்துக்கொண்டு சோதனையாளர்கள் சட்டத்தையும் தடையையும் இருக்கை வாரையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். இவ்வகை மாணவர் போட்டிகளின் விதி நூல்கள் சக்கரத்தின் விட்டம் குறைந்தது 203.2 மில்லிமீட்டர், அதாவது 8 அங்குலம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நடுவில் ஒற்றை நட்டு போட்டுச் சக்கரத்தை இறுக்கும் அணி, அந்த நட்டு தளர்ந்துபோனாலும் சக்கரமும் நட்டும் அச்சைவிட்டுக் கழலாதபடி தாங்கிப் பிடிக்கும் தனி உறுப்பு ஒன்றையும் பொருத்தியிருக்க வேண்டும்; அது இல்லாத கார் திருப்பி அனுப்பப்படும். கொங்குத் தச்சர்கள் கடையாணியைச் செருகிய அதே இடத்தில், அதே வேலைக்காக, மாணவர்கள் கம்பியாலோ பின்னாலோ ஒரு பூட்டைச் செய்து, சோதனையாளர் ஒப்பமிடும் வரை காரின் அருகே காத்திருக்கிறார்கள்.